தொடங்குவதற்குச் சில துளி பெட்ரோல்

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) நாவலை வாசித்தவர்களுக்கு ‘லாஞ்சு’ என்ற சொல் மறந்திருக்காது. வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் இடையே மூண்ட பகையின் வழியாகத்தான் இயந்திரம் நம் கடற்கரை இலக்கியத்துக்குள் அழுத்தமாக நுழைந்தது. அதன்பிறகு கடலில் ஓடும் எந்த இயந்திரத்தையும் அழிவின் குறியீடாகவே வாசிக்கப் பழகிவிட்டோம். அந்த வாசிப்பு பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் லாஞ்சு முதலாளியின் இயந்திரம். அதைவிடச் சிறிய இன்னொன்று உண்டு. ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கலாம்; படகின் பின்னணியத்தில் மாட்டித் திருகாணியை இறுக்கினால் போதும். ‘அவுட்போர்டு’ என்று நாமும், ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று இலங்கை அரசின் ஆவணங்களும் அழைக்கும் அந்தச் சிறு மோட்டாரைப் பற்றி நம் எழுத்தில் அதிகம் இல்லை. அதன் கதை பெரும்பாலும் எரிபொருளின் கதை. சரியாகச் சொன்னால், எரிபொருள் கிடைக்காமலும், கிடைத்தது கெட்டுப்போயும், அது நின்றுபோன இடங்களின் கதை.

அஸ்தம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கடல் மோட்டாரைப் பற்றி எழுதுவது சற்று விசித்திரம்தான். எங்களூர்க்காரர்களுக்கு நீர்ப்பரப்பு என்றால் ஒன்று ஏற்காடு ஏரி, அல்லது 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை. அணையில் இன்றும் மீன்பிடிப்பது பரிசலும் துடுப்பும்தான். எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. ஆனால் இதே சேலம் மாவட்டத்தில் பவளத்தானூர், குறுக்குப்பட்டி போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டுகளாக முகாம்களில் வாழ்கிறார்கள் (2021 முதல் அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்கிறது). 1983க்குப் பிறகு அலையலையாக இந்தியாவுக்கு வந்தவர்களில் பலர் மன்னார்க் கரையில் படகேறி இராமேசுவரம் பக்கம் இறங்கியவர்கள். அவர்களைக் கொண்டுவந்தவற்றில் இத்தகைய சிறு மோட்டார்ப் படகுகள் ஏராளம். கடலே இல்லாத இந்தச் சமவெளிக்கும் அந்த இயந்திரத்துக்கும் அப்படியொரு உறவு இருக்கிறது.

பின்னணியத்தில் மாட்டும் மோட்டாரைச் சந்தைக்கு ஏற்ற பொருளாக ஆக்கியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1909இல் மில்வாக்கியில் அவர் விற்கத் தொடங்கிய மோட்டார் 62 பவுண்டு எடையும் ஒன்றரைக் குதிரைத்திறனும் கொண்டது. காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவரத் துடுப்புப் போட்டுக் களைத்து, அதிலிருந்து பிறந்த யோசனை என்றொரு கதை அதற்கு உண்டு. அவருக்கு முன்பே சிலர் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்றாலும் கதை நிலைத்துவிட்டது. யமஹா தன் முதல் அவுட்போர்டை வெளியிட்டது 1960இல். நம் கடல்களுக்குப் பெருமளவில் வந்தவை ஜப்பானிய மோட்டார்களே. நார்வே இக்கதையில் திரும்பத் திரும்ப வருவது ஒரு வேடிக்கை. கேரளத்தின் நீண்டகரையில் 1953இல் இந்திய–நார்வேத் திட்டம். 1960களின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்துக் காரைநகரில், நார்வேஜியர் உதவியோடு கண்ணாடியிழைப் படகு கட்டிய சீநோர். பிறகு 2002இல் போர்நிறுத்தத்துக்கு நடுவர்களாக வந்ததும் அவர்களே.

1970களில் கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் இலங்கையின் வடக்குக் கரைகளில் ஒன்றாகப் பரவின. தமிழ்நாட்டின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் போன்ற ஊர்களில், 1980களில் ஒட்டுப்பலகைப் படகுகளோடு அது பரவியது. ஒரு காலத்தில் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளூஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. அந்த மரபைச் சேர்ந்த கரைகள், ஒரு தலைமுறைக்குள், ஒரு தகர டேங்கில் எவ்வளவு எண்ணெய் மிச்சமிருக்கிறது என்று பார்த்துக் கடலுக்குப் போகும் கரைகளாயின.

இந்த மோட்டார் ஓடிய எண்ணெய் பெட்ரோல் அல்ல, மண்ணெண்ணெய். இரு நாட்டு அரசுகளும் ஏழையின் விளக்குக்கும் அடுப்புக்குமாக மண்ணெண்ணெயின் விலையைத் தாழ்த்தி வைத்திருந்தன. பெட்ரோல் வசதிபடைத்தவனின் எண்ணெயாகக் கருதப்பட்டு வரி சுமந்தது. விளக்குக்கென வைத்த விலை கடலின் எரிபொருளைத் தீர்மானித்தது. ஜப்பானிய நிறுவனங்களும் இந்தச் சந்தைகளுக்கென்றே மண்ணெண்ணெயில் ஓடும் வகைகளைச் செய்து அனுப்பின. ஒரு பொறியாளர் வரைபலகையில் இப்படியொரு இயந்திரத்தைத் தானாக விரும்பி வரைந்திருக்க மாட்டார். அதை வரைய வைத்தது விலைப்பட்டியல்.

ஏன் விரும்பியிருக்க மாட்டார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் வரலாறு இந்த நுட்பத்தில்தான் தொங்குகிறது.

பெட்ரோல் உறைகுளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் அவ்வாறு ஆவியாகும். ஆகவே குளிர்ந்த இயந்திரத்தில் அது திவலையாகவே உள்ளே போய் பிளக்கை நனைத்துவிடும், பொறி பறக்காது. இதற்காக இந்த மோட்டார்களுக்கு இரண்டு எண்ணெய்கள் வேண்டும். முதலில் பெட்ரோலில் கிளப்ப வேண்டும்; சில நிமிடம் ஓடிச் சூடானபின் குழாய்த் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அதைவிட முக்கியமானது நிறுத்தும்போது செய்வது. கரை நெருங்குகையில் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரின் கிண்ணத்தில் உள்ள மண்ணெண்ணெய் எல்லாம் எரிந்து தீரும்வரை ஓடவிட்டு, அதன்பிறகே அணைக்க வேண்டும். மறந்துபோய் மண்ணெண்ணெயிலேயே அணைத்தவன் மறுநாள் விடியற்காலையில் சுருள்கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நொந்து நிற்பான். நாளைக்கான பெட்ரோலை இன்றைக்கே கிண்ணத்தில் விட்டுவைக்கும் இந்த ஒழுங்கு எவ்வளவு எளியது, எவ்வளவு கறாரானது!

மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் பெட்ரோலினதில் பாதிகூட இல்லை. அழுத்தத்தைக் குறைத்துச் செய்யாவிட்டால் உருளைக்குள் நேரத்துக்கு முன்பே வெடித்து ‘நாக்கிங்’ எழும், பிஸ்டன் சேதமாகும். அழுத்தத்தைக் குறைத்தால் வலு குறையும், புகை கூடும், கரி படியும். பிளக்கை அடிக்கடி கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். உதிரி பிளக் இல்லாமல் கடலேறுவது அறிவீனம். இது டூ ஸ்ட்ரோக் இயந்திரம் என்பதால் மசகெண்ணெயையும் எரிபொருளிலேயே கலக்க வேண்டும். கலவை குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும், கூடினால் பிளக் அடைத்துக்கொள்ளும்.

இவை அந்த எண்ணெயின் குணங்கள். இவற்றுக்கு மேலே கடல் தன் பங்குக்குச் சேர்ப்பது தண்ணீர். திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலையில் மழைநீர் தேங்கும். இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்கும்போது, இறுகியதாக நாம் நினைக்கும் மூடியின் புரி வழியாக அந்நீரைப் பீப்பாய் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் விவரமறிந்தவர்கள் பீப்பாயைச் சற்றுச் சாய்த்து வைப்பார்கள். பாதி டேங்கோடு பல நாள் கிடந்தாலும் உட்சுவரில் நீர் வியர்க்கும். தண்ணீர் எண்ணெயைவிட எடை கூடியது. அடியில் போய் உட்காரும். எண்ணெய் உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. கரையில் ஒழுங்காக ஓடிய மோட்டார் அலையில் டேங்க் குலுங்கியதும் திணறி நிற்பது இதனால்தான். உப்புநீர் கார்புரேட்டருக்குள் தங்கினால் வெள்ளைப் பொடியாகப் பூத்து அலுமினியத்தைத் தின்னும்.

மோட்டார் கடல் நடுவே நின்றால் என்ன பார்ப்பது? அனுபவஸ்தன் முதலில் தொடுவது டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகை. அது மூடியிருந்தால் எண்ணெய் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் எண்ணெய் வருவது நின்றுபோகும். அடுத்தது குழாயின் இடையிலுள்ள ரப்பர் குமிழ். ஓட்டத்தில் அது சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு; எவ்வளவு அமுக்கியும் கெட்டிப்படாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது. பிறகு வடிகட்டி, கிண்ணம், கடைசியாகத்தான் ஜெட். பித்தளை ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தக் கூடாது, வாயால் ஊத வேண்டும். குத்தினால் துளை பெரிதாகி எண்ணெய் கூடுதலாகப் பாயும், அதன்பின் அந்த மோட்டார் என்றென்றைக்கும் புகைந்துகொண்டே இருக்கும். (எங்களூர் இருசக்கர வாகனப் பட்டறைகளிலும் இதே பாடம் இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டரே அநேகமாக இல்லாமல் போனது. ஜெட்டை வாயில் வைத்து ஊதும் மெக்கானிக்குகள் நம் தலைமுறையோடு முடிந்துவிடக்கூடும்.)

1990 ஜூனில் ஈழத்தின் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியது. வடக்குக்குப் போகும் பொருள்கள்மீது கொழும்பு அரசு விதித்த தடைப்பட்டியலில் பெட்ரோல் முக்கியமானது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் சொற்ப அளவில், கொள்ளை விலையில் கிடைத்தது. வீட்டுக்குள் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் ஊற்றிய விளக்கு எரிந்தது. ஓர் இரவை எத்தனை துளியில் கடத்தலாம் என்ற கணக்கு அந்த விளக்கில் இருந்தது. அக்காலத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தவர் எழுதிய நினைவுகளில் ஜாம் போத்தல் விளக்கு வராத பக்கங்கள் குறைவு.

இப்போது மேலே சொன்ன மோட்டாரின் ஒழுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அது மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் பெட்ரோல் இல்லாமல் கிளம்பாது. தடை அந்தச் சரியான கணுவில்தான் வெட்டியது. ஓடுவதற்கான எண்ணெய் ஓரளவுக்காவது இருந்தது, தொடங்குவதற்கானது இல்லை. கடல் மோட்டாருக்கு மட்டுமே தெரிந்திருந்த இந்த நெருக்கடி அப்போது தரையிலும் ஏறியது. எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்களும் மொறிஸ் மைனர், ஏ40 கார்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. சட்டைப்பையில் சிறு போத்தலில் பெட்ரோல். வண்டியைக் கிளப்பும்போது கார்புரேட்டருக்கோ, பிளக்கைக் கழற்றி அதன் துவாரத்துக்கோ சில துளிகள். சூடானபின் மண்ணெண்ணெய். வழியில் அணைந்தால் மறுபடி போத்தலைத் திறக்க வேண்டும்; ஆகவே கடை வாசலிலும் ஆசுபத்திரி வாசலிலும் வண்டிகள் அணைக்கப்படாமலே உறுமிக்கொண்டிருந்தன. தெருவெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகை. கரையூர் மீனவனுக்குப் பழக்கமாயிருந்த ஒரு நுட்பத்தை ஆசிரியர்களும் மருத்துவர்களும் அரசாங்க எழுதுவினைஞர்களும் கற்றுக்கொண்டார்கள். சாதி அடுக்கில் எப்போதும் மேலிருந்து கீழே வருவதாகச் சொல்லப்படும் அறிவு, இம்முறை கடற்கரையிலிருந்து ஊருக்குள் ஏறியது. அதை யாரும் பெரிதாகக் குறித்துவைக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆனையிறவும் சங்குப்பிட்டியும் போக்குவரத்துக்கு மூடப்பட்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வெளியேற 1992, 93 ஆண்டுகளில் மக்களுக்கு எஞ்சிய பாதை கிளாலிக் கடல்நீரேரி. நாகதேவன்துறையில் கடற்படைத் தளம் இருந்ததால் பயணம் இரவில்தான். மோட்டார் பூட்டிய ஒரு படகின் பின்னே மோட்டார் இல்லாத படகுகளைக் கயிற்றில் தொடராகக் கட்டி இழுத்துச் சென்றார்கள். எண்ணெய்ச் சிக்கனத்தின் கணக்கு இது: ஒரு மோட்டார், பல படகு. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். முன்படகின் ஜெட்டில் ஒரு துரும்பு அடைத்தால், டேங்கின் அடியில் ஒரு கோப்பைத் தண்ணீர் இருந்தால், பின்னால் கட்டிய அத்தனை படகுகளும் இருட்டில் நிற்கும். நோயாளிகள், கர்ப்பிணிகள், கொழும்புக்குப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள், வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் மகன்கள். டார்ச் அடித்துப் பிளக்கைப் பார்க்க முடியாது. வெளிச்சம் தெரிந்தால் துப்பாக்கி பேசும். விரல்களின் நினைவால் மட்டுமே கழற்றி, துடைத்து, பூட்ட வேண்டும். 1993 ஜனவரி 2 இரவு அந்தக் கடல்நீரேரியில் கடற்படை தாக்கியதில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 11இல் பூநகரித் தளமும் நாகதேவன்துறையும் புலிகளால் தாக்கப்பட்டன. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபின், வன்னிக்குப் போனவர்களில் பெருந்தொகையினர் கடந்ததும் இதே நீரைத்தான்.

போரின் வரலாற்று நூல்களில் இந்தத் தேதிகள் இருக்கும். தளங்கள், தளபதிகள், வேகப் படகுகள், அவற்றின் குதிரைத்திறன் எல்லாம் இருக்கும். அந்தப் பயணங்களைச் சாத்தியமாக்கிய சிறு மோட்டாரும், அதை நிற்காமல் வைத்திருந்த படகோட்டியின் கைநுட்பமும் இருக்காது. ஆயுதத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம் கார்புரேட்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதவில்லை. அவ்விரவுகளில் உயிரோடு கரைசேர்ந்தவர்களுக்கு எது முக்கியமாயிருந்தது என்று அவர்களிடமே கேட்டால், பதில் நம் நூலகங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம்.

2002இல் தடை பெரும்பாலும் நீங்கியது. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதும் குடாநாட்டில் தட்டுப்பாடு திரும்பியது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் குவிந்தன. சோழமண்டலக் கரையில் அவற்றில் பெரும்பாலும் டீசல் இயந்திரம் பூட்டப்பட்டதால் அந்தக் கதை வேறு.

மண்ணெண்ணெயின் கதையில் பெரிய முறிவு 2022இல் வந்தது. இலங்கையின் அந்நியச் செலாவணி வறண்டு, எரிபொருள் வரிசைகள் மைல்கணக்கில் நீண்ட ஆண்டு அது. மார்ச் 22 அன்று தனுஷ்கோடிப் பக்கம் மீண்டும் படகில் வந்திறங்கினார்கள், இம்முறை பசியால். ஆகஸ்டில் இலங்கை அரசு மண்ணெண்ணெயின் விலையை லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தியது. ஒரே இரவில் ஏறக்குறைய நான்கு மடங்கு. விளக்குக்கென்று வைத்திருந்த பழைய விலையின்மேல் ஐம்பது ஆண்டுகளாகக் கட்டப்பட்டிருந்த ஒரு தொழில், விளக்கே தேவையில்லாமல் போன காலத்தில், அந்த விலையை இழந்தது. ஆட்சியாளர் தரப்பில் பொருளாதார நியாயம் இருக்கலாம். உண்மை விலைக்கு அது எப்போதாவது வந்தாகத்தான் வேண்டும் என்றும் வாதிடலாம். ஆனால் மீனவர் அந்த மோட்டாரைத் தேர்ந்தது அரசு வைத்த விலையை நம்பித்தான். விலை மாறும்போது மோட்டாரின் அழுத்த விகிதம் மாறுவதில்லை.

இந்தியக் கரையிலும் ரேஷன் மண்ணெண்ணெய் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, சிறு மோட்டார்கள் பெட்ரோல் பக்கம் நகர்கின்றன. அங்கே புதிய சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. 2025 முதல் நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் ஏறக்குறைய 20 சதவீதம் எத்தனால். கரும்பிலும் தானியத்திலும் எடுக்கும் இந்தச் சாராயத்துக்கு நீர்வேட்கை அதிகம். சாலையில் ஓடும் காரில் எண்ணெய் சில நாளில் தீர்ந்துவிடுவதால் பெரிய தொல்லையில்லை. தடைக்காலத்தில் இரண்டு மாதம் கரையேற்றி வைத்த படகின் டேங்கில், கடற்காற்றில், அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓர் அளவு வரை நீர் கலந்தே நிற்கும். அளவு தாண்டினால் எத்தனாலும் நீரும் கைகோத்துப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தனிப் படலமாகத் தங்கிவிடும். நாம் கலந்த மசகெண்ணெய் மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுகொள்ளும். குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆகவே டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்குள் முதலில் போவது மசகே இல்லாத நீர்ச்சாராயம். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் ஊறவைத்து உதிர்க்கும். அந்தத் துகள் போய் அடைவது வழக்கம்போல ஜெட்டில்.

இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். தடைக்காலத்துக்கு முன் டேங்கைக் காலிசெய்து, மோட்டாரைக் கிண்ணம் வற்றும்வரை ஓடவிட்டு அணைத்து வைப்பது ஒரு வழி. மசகெண்ணெயை ஒரே மாதத்துக்குள் தீரும் பெட்ரோலில் மட்டும் கலந்துகொள்வது இன்னொன்று. பழைய எண்ணெயின்மேல் ஐயம் இருந்தால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இரவு முழுவதும் அசையாமல் வைக்க வேண்டும். காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், கெட்டிருக்கும் எண்ணெயில் அடியிலிருந்து ஓர் அங்குலத்திலோ அரை அங்குலத்திலோ மெல்லிய கோடு ஒன்று தெரியும். ஜாம் போத்தலே போதும்.